கந்துப்பூ தூவிய பாதை

வில்யாமோந்தெஸ் முகாம்
1934 செப்டம்பர் 18

அன்புள்ள அக்கா மெல்ச்சோராவுக்கு,

தம்பி இலாரியோன் எழுதுவது. எனக்கும் அத்தானுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் உன் மாமியாரும் மாதாவின் காவலில் சுகமாக இருக்க வேண்டும்.

ஊரிலிருந்து எங்களைப் போருக்குப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து இங்கே வந்து சேர இருபத்து மூன்று நாள் ஆனது. ஏரிக்கரைவரை நடை, அப்புறம் ரயில், அப்புறம் லாரி, கடைசி ஆறு நாள் மறுபடியும் நடை. மலையில் பிறந்த நமக்கு இந்தச் சாக்கோ காடு பிடிபடவே இல்லை. தரை தட்டையாகக் கிடக்கிறது. எங்கே பார்த்தாலும் முள்ளும் புழுதியும்தான். ஓடை இல்லை, ஊற்று இல்லை. பராகுவேக்காரன் சுடுவதற்கு முன்பே வெயில் சுட்டுவிடுகிறது.

ஈயச் சுரங்கத்தில் லாரி கழுவியவன் என்று சொன்னதும் என்னைத் தண்ணீர் லாரியில் போட்டுவிட்டார்கள். அத்தான் காலாட்படையில் இருக்கிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் வம்புக்கு இழுக்கிறார். "நீ தண்ணிக்கு ராஜா மாப்ள. நான் துப்பாக்கி சுமக்குற கழுத."

நீ நெய்து கொடுத்த இடுப்புக் கச்சையைச் சட்டைக்கு உள்ளே கட்டியிருக்கிறார். வெளியே தெரிந்தால் சார்ஜன்ட் பிடுங்கிக்கொள்வானாம். குளிக்க விட்ட அன்று தாழ்நிலத்து ஆள் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, இதென்ன வரிசையாக மணியா என்று கேட்டான். "மணியில்ல, கந்துப்பூ. எங்க பொண்ணுங்க தொப்பியில தொங்கும்" என்று அத்தான் சொன்னார். அப்புறம் கச்சையை மறுபடியும் சட்டைக்குள் கட்டிக்கொண்டார்.

அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். எழுத்து தெரியாத குறைக்கு, 'அத்தான்' என்று இந்தத் தாளில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டு, விரலை அதன்மேல் வைத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கறை அவர் விரல்தான்.

உன் தம்பி,
இலாரியோன்


வில்கபாயா
1934 அக்டோபர் 21

அன்புத் தம்பி இலாரியோனுக்கு,

கடிதம் வந்தது. கழுதைக்காரன் கலிஸ்தோ, எஸ்கோமா ஊர்த் தபால் நிலையத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். நானும் அத்தையும் சுகம். உங்கள் இருவருக்கும் காய்ச்சல் ஏதும் அண்டாதிருக்க வேண்டுகிறேன்.

உன் அத்தானிடம் ஒன்று சொல். நாலு மாதமாகத் தள்ளிப்போயிருக்கிறது. மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மார்ச்சில் என்று சொல்லிவிட்டாள். ஆறு வருடம் கழித்து. நான் சொன்னபோது அத்தை எழுந்து போய் ஆட்டுக்கு இலை போட்டாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

தச்சன் மனைவி போன வாரம் இறந்துபோனாள். ஊர்த்தலைவர் வீட்டிலிருந்து இன்கா அரசர் காலத்து மரக்குவளையை எடுத்து வந்தார்கள். அதைச் சுற்றிலும் வரைந்திருக்கிறதே, கையில் கந்துப்பூக் கொத்தோடு நிற்கும் பெண்கள், அவர்களின் சிவப்பு இன்னும் மங்கவில்லை. அவள் வீட்டிலிருந்து கல்லறைவரை பூத் தூவி, ஒவ்வொன்றையும் நிமிர்த்தி வைத்து அந்தக் குவளையிலிருந்து தண்ணீர் விட்டோம். அவள் பேத்தி, ஏன் எல்லாப் பூவையும் வாய் மேலாக வைக்கிறீர்கள் என்று கேட்டாள். போகிற வழி தூரம், தாகம் எடுக்கும், ஒவ்வொரு பூவிலும் ஒரு வாய் குடித்துக்கொண்டு போவாள் என்று அத்தை சொன்னாள். கல்யாணத் தொப்பிக்கும் அதே பூ, சாவுப் பாதைக்கும் அதே பூ. எனக்கு இந்த நேரத்தில் அதைக் கையால் தொடவே பயமாக இருந்தது. தொட்டேன்.

உருளைக்கிழங்கு நடவைப் பக்கத்து வீட்டார் கைகொடுக்க முடித்துவிட்டோம். அவரைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

அக்கா
மெல்ச்சோரா


முன்னணி முகாம்
1934 நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் உயிரோடும் பசியோடும் இருக்கிறோம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். பாரம் தூக்காதே.

சேதியை அத்தானிடம் படித்துக் காட்டினேன். மறுபடியும் படி என்றார். படித்தேன். அப்புறம் எழுந்து போய், படையில் இருக்கிற மலைநாட்டு ஆட்களிடமெல்லாம் ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு வந்தார். கோக்கா இலைப் பொட்டலத்தை அன்றைக்கே எல்லோருக்கும் பங்கு வைத்துத் தீர்த்துவிட்டார். உன்னிடம் சொல்லச் சொன்னது இதுதான்: "பொண்ணோ பையனோ, நான் வர்ற வரைக்கும் முடி வெட்டக் கூடாது. மொத மயிர நான்தான் வெட்டுவேன்."

அவர் படையை இன்னும் உள்ளே அனுப்பப் போகிறார்கள். நான் லாரியோடு பின்னாலேயே போவேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு குடுவை என்பது இப்போது அரைக் குடுவை ஆகியிருக்கிறது. பீப்பாய் காவலுக்கு ஒரு சார்ஜன்ட் துப்பாக்கியோடு லாரி முன்னால் உட்காருகிறான். ஒரு சொட்டுகூட வழியில் யாருக்கும் கிடையாது, எல்லாம் கடைசிப் பதுங்குகுழி ஆட்களுக்கு.

அடுத்த கடிதம் தாமதமானாலும் பயப்படாதே.

இலாரியோன்


வில்கபாயா
1935 ஜனவரி 27

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். வயிறு கனமாக இருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுவதற்கு உனக்கு ஒரு தாள்கூடவா கிடைக்கவில்லை?

இரண்டு மாதமாகிவிட்டது. கீழ் ஊர்க்காரர்களுக்கெல்லாம் கடிதம் வருகிறது. டிசம்பரில் பின்வாங்கினார்களாம், கிணறுகளை எதிரி பிடித்துக்கொண்டானாம், தண்ணீர் இல்லாமல் ஆட்கள் விழுந்தார்களாம். கலிஸ்தோ சொன்னான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, உன் தம்பிதான் தண்ணீர் லாரியில் இருக்கிறானே, உன் வீட்டுக்காரனுக்கு என்ன குறை என்றும் சொன்னான். அத்தை அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள்: "எம்புள்ளைக்குத் தாகம் எப்படி வரும்? மச்சினனே தண்ணி வச்சிருக்கான்."

உடனே எழுது.

அக்கா


முகாம் மருத்துவமனை
1935 பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானும் நலம். வலது கையில் சின்னக் காயம், இடது கையால் எழுதுகிறேன், அதனால் நீளமாக எழுத முடியாது. அத்தான் படையை வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள். அடிக்கடி பார்க்க முடிவதில்லை.

பிரசவத்தை நல்லபடியாக முடித்துக்கொள். மற்றதெல்லாம் பிறகு.

இலாரியோன்


வில்கபாயா
1935 ஏப்ரல் 7

அன்புத் தம்பிக்கு,

மார்ச் பதினாலாம் தேதி பையன் பிறந்தான். நானும் அவனும் சுகம். உன் கை ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இடது கை எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

பையனுக்கு அவர் காது. பால் குடிக்கும்போது உறுமுகிறான். பெயர் என்ன வைக்கட்டும் என்று அவரைக் கேட்டு எழுது.

இன்னொன்றும் கேள். எங்கள் கல்யாணத்தன்று அவர் தன் கையால் என் தொப்பியில் கந்துப்பூ செருகினாரே, அது சிவப்பா மஞ்சளா? அத்தை மஞ்சள் என்கிறாள். எனக்கும் அவளுக்கும் மூன்று நாளாகச் சண்டை. நீ அப்போது சுரங்கத்தில் இருந்தாய், உனக்குத் தெரியாது. அவருக்கு மறக்காது. கேட்டு எழுது.

அக்கா


முகாம்
1935 மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

பிள்ளை பிறந்த சேதி கேட்டு எங்களுக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். பையனும் நீயும் நூறு வயசு வாழ வேண்டும்.

அத்தானைப் போன வாரம் பார்த்தேன். நன்றாக இருக்கிறார். பையனுக்கு ஃபவுஸ்தினோ என்று பெயர் வைக்கச் சொன்னார். பூவைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். சிவப்புதான், அதிலென்ன சந்தேகம் என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்.

அவர் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இலாரியோன்


வில்கபாயா
1935 ஜூன் 12

இலாரியோன்,

நாங்கள் சுகம்.

எங்கள் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு ஆலங்கட்டி மழை பெய்தது. வில்கபாயாவில் ஒரு செடியிலும் ஒரு பூவும் மிஞ்சவில்லை. மணப்பெண் தொப்பி வெறுமையாக இருக்கக் கூடாது என்று அவர் தன் வயலுக்கு ஓடி, சிவந்து நின்ற கீனுவாக் கதிர் ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்து செருகினார். ஊரே சிரித்தது. கோழி வந்து பெண்ணைக் கொத்திக்கொண்டு போகப் போகிறது என்று கேலி பேசினார்கள். வருடா வருடம் அந்த நாள் வந்தால் ஒரு கதிரை ஒடித்து என் முன்னால் நீட்டுவார்.

அந்த மனிதர் சிவப்புக் கந்துப்பூ என்று சொல்ல மாட்டார்.

அத்தைக்கும் எனக்கும் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஜனவரியிலேயே எனக்கு மனசு சரியில்லை. உன் இடது கைக் கடிதத்துக்குப் பிறகு தூங்கவில்லை. ஆனாலும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

உன் கடிதம் வந்த மறுநாள் அத்தையிடம் சொன்னேன். அவருடைய துணிகளை ஆற்றில் துவைத்தோம். உடம்பு இல்லாததால் அவர் தொப்பியைக் கம்பளிப் போர்வையில் வைத்துச் சுற்றினோம். வீட்டு வாசலிலிருந்து கல்லறைவரை பூ வைத்தோம். சாதாரணமாக நாலு பூ வைக்கிற இடத்தில் அத்தை பத்து வைத்தாள். எங்கள் செடியில் தீர்ந்ததும் பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கினாள். வைத்த ஒவ்வொன்றிலும் குவளையிலிருந்து தண்ணீர் விட்டாள். நிமிரவே இல்லை. சாயங்காலம் வரை ஆனது.

பையனுக்கு ஃபவுஸ்தினோ என்றே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டேன். அது அவர் வைத்த பெயர் அல்ல, நீ வைத்தது என்று தெரிந்துதான் கொடுத்தேன். ஊர் கேட்டால் அப்பன் சொல்லி அனுப்பிய பெயர் என்று சொல்வேன்.

எப்போது என்று எழுது. எங்கே என்று எழுது. தாகத்தோடு போனாரா என்று எழுது. பொய் எழுதாதே.

மெல்ச்சோரா


வில்யாமோந்தெஸ்
1935 ஜூலை 15

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. சண்டை நின்றுவிட்டது. போன மாதம் பதினாலாம் தேதி மத்தியானம் இரண்டு பக்கமும் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டேன்.

கையில் காயம் எதுவும் இல்லை. அதுவும் பொய்.

டிசம்பர் பத்தாம் தேதி. பின்வாங்கி மூன்றாவது நாள். எங்கள் லாரியில் எட்டு பீப்பாய். முன்னால் எதிரியைத் தடுத்து நின்ற இருநூறு பேருக்கு அது. நான் ஓட்டுநர் பக்கத்தில் இருந்தேன். சார்ஜன்ட் லாரியின் எஞ்சின் மூடிமேல் இருந்தான். வழி நெடுக ஆட்கள் கிடந்தார்கள். சிலர் எழுந்து வந்து லாரியைப் பிடித்தார்கள். சார்ஜன்ட் மேலே பார்த்து இரண்டு முறை சுட்டான், மூன்றாவது மேலே பார்த்துச் சுடவில்லை. மணலில் வண்டி ஆள் நடக்கிற வேகத்தில்தான் போனது.

ஒரு முள்மரத்தடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சட்டையைக் கழற்றியிருந்தார். அந்தக் கச்சையைத்தான் முதலில் பார்த்தேன். அப்புறம்தான் முகம். உதடு வெடித்து, நாக்கு வெளியே தெரிந்தது. "அத்தான்" என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது அவருக்கு. கையைத் தூக்கினார்.

போ என்று காட்டினாரா, நிறுத்து என்று காட்டினாரா, எனக்குத் தெரியவில்லை அக்கா. ஏழு மாதமாக அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தெரியவில்லை.

பீப்பாயை என்னால் தொட்டிருக்க முடியாது. தொட்டால் சுட்டிருப்பான். அதை நம்பு. ஆனால் என் இடுப்பில் என் பங்குக் குடுவை இருந்தது. பாதித் தண்ணீர் இருந்தது. தூக்கி எறிந்திருக்கலாம், பத்தடி தூரம்தான். எறிந்தால் மற்றவர்கள் அதற்கு அடித்துக்கொள்வார்கள், அவருக்குக் கிடைக்காது என்று நினைத்ததாகப் பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நாளைக்கு எனக்கு இல்லாமல் போய்விடுமே என்று பயந்தேன். கை குடுவையின்மேல்தான் இருந்தது. எடுக்கவில்லை.

மறுநாள் திரும்பி வரும்போது சார்ஜன்ட் நிறுத்த விட்டான். அங்கேயே, உட்கார்ந்தபடி இருந்தார். மற்றவர்களும் அப்படியே. கச்சையோடுதான் புதைத்தேன். அந்தக் காட்டில் பூ ஏது. மரத்தில் கத்தியால் அவர் பெயரைக் கீறினேன்.

தாகத்தோடுதான் போனார்.

பிள்ளை பிறக்கட்டும் என்றுதான் முதலில் மறைத்தேன். அப்புறம் சொல்லத் தைரியம் இல்லை. நீ வா என்று சொன்னால் வருகிறேன். சொல்லாவிட்டால் வர மாட்டேன்.

இலாரியோன்


எஸ்கோமா
1935 செப்டம்பர் 30

அக்காவுக்கு,

நீயும் பிள்ளையும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். பதில் இல்லை. அது சரிதான்.

எங்கள் படையைக் கலைத்துவிட்டார்கள். ஏரிக்கரைவரை வந்துவிட்டேன். இங்கே நாணல் சுமந்து இறக்குகிற வேலை கிடைத்திருக்கிறது. மேலே வர வேண்டும் என்று கேட்கவில்லை. எங்கே இருக்கிறேன் என்று உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கலிஸ்தோவைப் பார்த்தேன். பையன் தவழ்கிறான் என்று சொன்னான்.

இலாரியோன்


வில்கபாயா
1935 அக்டோபர் 12

தம்பி இலாரியோனுக்கு,

நாங்கள் சுகம். நீ மெலிந்துவிட்டாய், வேலை முடிந்ததும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறாய் என்று கலிஸ்தோ சொன்னான். சாப்பிடு.

உன் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். குடுவை வரைக்கும் அவள் அசையாமல் கேட்டாள். அப்புறம் கை தூக்கின இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள். நாலைந்து முறை படித்தேன். கடைசியில் சொன்னாள்: "போன்னுதான் காட்டியிருப்பான். எம்புள்ள அப்படித்தான். அவன் சொன்னத அந்தப் பய செஞ்சிருக்கான்." அன்று இரவு முதல் முறையாக நிம்மதியாகத் தூங்கினாள்.

அவளுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. அவர் போ என்று காட்டியிருந்தாலும் எனக்குப் போதாது. நெசவுக்கு உட்கார்ந்தால் அந்தப் பத்தடி தூரம்தான் கண்ணில் நிற்கிறது. ஆகஸ்டில் உனக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டிலும் இருந்ததை நீ படிக்க வேண்டாம் என்று அடுப்பில் போட்டேன்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார்த்தேன். குடுவையைப் பற்றி நீ எழுதாமலே இருந்திருக்கலாம். எனக்கு வந்து சொல்ல ஆள் யாரும் இல்லை. நான் தாகத்தோடு போனாரா என்று மட்டும்தான் கேட்டேன். நீயாக எழுதினாய்.

நவம்பர் இரண்டாம் தேதி இறந்தவர்களுக்குப் படைக்கிற நாள். இந்த வருடம் அவர் பெயரில் நம் வீட்டில் முதல் படையல் மேசை. அவர் வருவார். அத்தை ரொட்டிக்கு மாவு சேர்த்து வைத்திருக்கிறாள். சுவரோரச் செடியில் பூ இருக்கிறது, நான் பறிக்கப் போவதில்லை. நீ பறி. ஒவ்வொன்றிலும் தண்ணீர் நீ ஊற்று. என்ன சொல்ல வேண்டுமோ அவரிடமே சொல். நடுவில் நான் இல்லை.

மன்னித்தேன் என்று எழுத எனக்கு வரவில்லை. பேனாவைப் பிடித்துப் பார்த்தேன், வரவில்லை. கோபம் தீரட்டும் என்று இருவரும் காத்திருந்தால் நீ எஸ்கோமாவில் நாணல் சுமந்தே கிழவனாகிவிடுவாய், பையன் உன்னை யாரென்று தெரியாமல் வளர்வான். தீராமலே வா.

அடுத்த வியாழக்கிழமை கிழங்கு நடவு. போன வருடம்போலப் பக்கத்து வீட்டாரைக் கேட்க முடியாது, அவர்கள் வீட்டு ஆளும் போரில் போய்விட்டான். மிதிகலப்பை போட ஒரு ஆண் வேண்டும், விதை நான் போடுவேன். புதன்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேர். புது நாய் ஒன்று வளர்க்கிறேன், அதற்கு உன்னைத் தெரியாது, பாயும். கல்லெடுக்காதே. வேலிக்கு அந்தப் பக்கமே நின்று கூப்பிடு, நான் வந்து பிடித்துக்கொள்கிறேன்.

அக்கா
மெல்ச்சோரா